பதினான்காவது எபிசோடு

சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த தொடரை நாற்பது வயதுக்கு மேல் திரும்பப் பார்க்காமல் இருப்பது நல்லது. நான் பார்த்தேன். மேடம், நீங்கள் மொக்கைச்சாமி மாமாவைப் பற்றி மட்டும் எழுதித் தரச் சொன்னீர்கள். தொடரை விட்டுவிட்டு மாமாவைச் சொல்ல முடியாது. காகிதம் போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

'ஏழாம் நம்பர் காம்பவுண்டு' உங்கள் வயதுக்கு நினைவிருக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு காம்பவுண்டு, நான்கு குடித்தனம், கிராமத்திலிருந்து வந்து அக்கா வீட்டிலேயே தங்கிவிட்ட வைகுண்டம் மாமா. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாராவாரம் காம்பவுண்டுப் பிள்ளைகள் வைகுண்டம் மாமாவை ஏமாற்றுவார்கள், அவர் எதிலாவது போய் விழுவார், பின்னணியில் ஒரு கூட்டம் சிரிக்கும். எழுமலையில் எங்கள் தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். இருபது முப்பது பேர் கூடி நாங்களும் சிரிப்போம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் மொக்கைச்சாமி மாமா. அவர் அம்மாவின் ஒரே தம்பி, அவரும் அக்கா வீட்டில் தங்கியிருந்தவர்தான். அது அவருக்கு உறைக்கவே இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நான் இப்போது உசிலம்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். இங்குள்ள வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை பேசுகிறேன். மாமா இருபத்தெட்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். கழுத்தில் அடிபட்டதால் கால்கள் சுத்தமாக வராது, கைகள் கொஞ்சம் அசையும், பேச்சுக்குக் குறைவில்லை. கடைசிப் பன்னிரண்டு வருடம் என் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் நானே. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி கனகலட்சுமி எத்தனையோ முறை சொல்லியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று தெருவே சொல்லும். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. விசாரணைக்குத் தேவைப்படலாம்.

போன சித்திரையில் யாரோ அந்தத் தொடரின் எபிசோடுகளை யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "மாப்ள, நம்ம வைகுண்டத்தப் போடுறா" என்பார். பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் உட்கார்வேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வயதில் பார்த்த அதே காட்சிகள் இப்போது அசிங்கமாகத் தெரிந்தன. ஒரு நோட்டுப் போட்டுக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் பத்து எபிசோடில் ஒருவரின் நிறத்தைச் சொல்லிச் சிரித்த இடங்கள் முப்பத்தொன்று. பெண்டாட்டியின் சமையலைச் சொல்லி இருபத்திரண்டு. ஒருவர் கீழே விழுந்தார் என்பதற்காக மட்டும் சிரித்தது நாற்பத்தாறு. நடுவில் நிறுத்தி மாமாவுக்கும் விளக்குவேன்.

"மாமா, கவனிச்சீங்களா? வைகுண்டம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யலை. அவரை எதுக்குத் தள்ளிவிடணும்?"

"அட, சிரிக்கத்தானடா எடுத்துருக்கான். பரீட்சப் பேப்பர் திருத்துற மாதிரியே பாக்குற. தள்ளு, மறைக்குது."

அவரைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டேன். வாசகர் வட்டத்தில் இதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். விழுந்தவர் அடுத்த வாரம் ஒரு கட்டுகூட இல்லாமல் நடந்து வருகிறார், இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நல்ல கைதட்டல். மாவட்ட அளவில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். அது அடுத்த மாதம். வர இயலாது என்று யாராவது தகவல் சொல்லிவிட்டால் நல்லது.

பதினான்காவது எபிசோடை மட்டும் நான் போடவில்லை. பதின்மூன்று முடிந்ததும் பதினைந்துக்குப் போய்விட்டேன். "பதினாலு எங்கடா?" என்று மாமா கேட்டார். இன்னும் ஏற்றவில்லை என்று சொன்னேன்.

அந்த எபிசோடில் பிள்ளைகள் ஏணியின் ஒரு படியை அடியிலிருந்து முக்கால்வாசி அறுத்து வைத்துவிடுவார்கள். வைகுண்டம் மாமா ஏறுவார், படி முறியும், கீழே இருக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து வெள்ளையாக எழுந்து வருவார். அவரைப் பேய் என்று நினைத்து எல்லோரும் ஓடுவார்கள். அது வந்த இரண்டாவது மாதம் என் தங்கை தாமரைச்செல்வி வயதுக்கு வந்தாள். சடங்குக்கு நாள் குறித்தார்கள். வயதுக்கு வந்த பெண் தங்குவதற்குப் பச்சை ஓலையில் குச்சில் கட்டுவது தாய்மாமன் கடமை என்பது உங்களுக்கும் தெரியும். மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சடங்கன்று காலையில் ஓலையை இழுத்துக் கட்டுவதற்கு ஏணியில் ஏறினார். மேலிருந்து மூன்றாவது படியை முந்தின நாள் சாயங்காலமே நான் அறுத்து வைத்திருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. சுண்ணாம்புத் தொட்டியும் வைத்தேன் மேடம். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் நான் கவனமாகத்தான் இருந்தேன். தொட்டி முக்கால் அடி தள்ளிப் போய்விட்டது.

முந்தின ராத்திரி சொந்தக்காரர்களோடு சேர்ந்து மாமா கொஞ்சம் குடித்திருந்தார். தூக்கியவர்களுக்கு வாடை அடித்தது. அதற்குப்பின் ஏணியை யாரும் பார்க்கவில்லை. வந்த சனத்துக்குச் சோறு போட்டாக வேண்டுமே, விறகு போதாமல் போனபோது உடைந்த ஏணியையும் அடுப்பில் வைத்துவிட்டார்கள். மாமாவுக்குப் பேசி வைத்திருந்த ராமக்காள் வீட்டில், குடிகாரனுக்கு இது வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடமாக எழுமலையில் அவருக்குப் பெயர் 'சீர் கொண்டு வந்து குடித்துவிட்டு விழுந்த மாமன்'. அவரும் அதை நம்பினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் அம்மா அழகம்மாளிடம், "அன்னைக்கு மட்டும் நான் குடிக்காம இருந்துருக்கணும்க்கா" என்று சொல்லி அழுவார். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டத்தில்தான் அவரை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன்.

கனகலட்சுமி நல்லது செய்வதாக நினைத்து, போனில் வாயால் சொல்லித் தேடுவதற்கு அவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டாள். ஒரு வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாமா வைகுண்டத்தைப் போடச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு ஏத்தலைன்னு சொன்ன?"

சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"படியை நீதானடா அறுத்த?"

"தொட்டி வச்சிருந்தேன் மாமா."

மாமாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன். பிறகு சொன்னார்: "சின்னப்பய, உனக்கு என்ன தெரியும். விடு. ஞாயித்துக்கிழமை தாமரை மக சடங்குக்கு என்னையத் தூக்கிட்டுப் போயி சபையில வையி. நான் குடிச்சுட்டு விழுகலன்னு ஒருக்கா சொல்லிக்கிறேன். அம்புட்டுத்தான் மாப்ள. வேற ஒண்ணும் வேணாம்."

நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சபையில் தாய்மாமன் நான். ஐம்பத்தொரு தட்டுச் சீரோடு, மேளத்தோடு போய் மாலை வாங்க வேண்டியவன். தலைமையாசிரியர் வருகிறார், வாசகர் வட்ட நண்பர்கள் வருகிறார்கள். குடித்துவிட்டு விழவில்லை என்றால் பிறகு எப்படி விழுந்தாய் என்று யாராவது கேட்பார்கள். எங்கள் பக்கம் அப்படிக் கேட்காமல் விடமாட்டார்கள். சடங்கு முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று கெஞ்சினேன். "சபை கூடுறப்பச் சொன்னாத்தானடா சொன்ன மாதிரி" என்றார். அவருக்குப் போன பெயர் போனது. எனக்கு இருந்த பெயரை நான் பன்னிரண்டு வருடம் மலம் அள்ளிச் சம்பாதித்திருக்கிறேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மாமாவுக்கு இருமல் பலமாக வராது. தொண்டையில் எது சிக்கினாலும் வெளியே தள்ளும் சக்தி கிடையாது. அதனால் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, குழைத்த சோற்றை மட்டும் கொடுக்க வேண்டும், சாப்பிடும்போது சிரிக்க வைக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சாப்பாட்டு நேரத்தில் தொடர் போடக் கூடாது என்று வீட்டில் சட்டம் வைத்தவனே நான்தான். கனகலட்சுமி சடங்கு வேலைக்காகச் சனிக்கிழமை காலையிலேயே எழுமலைக்குப் போய்விட்டாள். நான் கடைத்தெருவுக்குப் போய் நான்கு புரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தேன். மாமா புரோட்டா தின்று பதினைந்து வருடம் இருக்கும்.

"டாக்டர் வைவாருடா" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு நாள்தான மாமா."

தலைமாட்டை இறக்கினேன். ஆட்டுக்கிடா வரும் ஒன்பதாவது எபிசோடைப் போட்டேன். அவர் அதிகம் சிரிப்பது அதற்குத்தான். புரோட்டாவைப் பெரிதாகவே பிய்த்து ஊட்டினேன். "நல்லாருடா மாப்ள" என்று சொன்னார். நடுவில், "ஒனக்கு ஒண்ணு சொல்லணும்டா" என்று ஆரம்பித்தார். மறுபடியும் சபைப் பேச்சுத்தான் என்று நினைத்து, "சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க மாமா" என்று அடுத்த வாயை ஊட்டினேன்.

கிடா வைகுண்டத்தை முட்டும் இடத்தில் மாமா சிரித்தார். அடைத்துக்கொண்டது. என்னைப் பார்த்தார். தூக்கி உட்காரவைத்து முதுகில் நான்கு தட்டுத் தட்டினால் போதும், இதற்கு முன் மூன்று முறை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறேன். நான் நோட்டை எடுத்து ஒன்பதாவது எபிசோடின் கணக்கை மறுபடி சரிபார்த்தேன். எபிசோடு முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அதில் பதினோரு இடத்தில் சிரிப்பு வருகிறது, ஒன்றுகூடத் தரமானதில்லை. அவர் கை என் வேட்டியைத் தேடியது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். தெரியாமல் நடந்தது என்று எழுதச் சொல்லி வக்கீல் சொல்கிறார். அப்படி இல்லை. சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

சடங்கு நின்றுபோனது. சாவு வீட்டில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, குடிகார மாமனுக்கு இப்படியொரு மருமகன் கிடைத்தானே என்றார்கள். அவர் குடித்துவிட்டு விழவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அம்மா அன்றைக்கு அழவில்லை. முகம் பார்க்கக் குனிந்தவர் இறக்கியிருந்த தலைமாட்டையும் கட்டிலுக்கு அடியில் கிடந்த புரோட்டா இலையையும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குடா புரோட்டா குடுத்த?" என்று கேட்டார். ஆசைப்பட்டுக் கேட்டார் என்று சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையே எனக்குப் போன் போட்டான்டா" என்றார் அம்மா. "படியறுத்தத எல்லாம் சொன்னான். சபையில சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்க்கா, அன்னைக்குப் பய மாலையோட நிக்கணும், ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்னான். நாளைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு, நிதானமா அவன்கிட்டயும் சொல்லிக்கிறேன்னான்."

அதன்பிறகுதான் அம்மா பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மாமா மேல்தான் கொஞ்சம் வருத்தம். முடிவை மாற்றிக்கொண்ட மனிதர் அதை வெள்ளிக்கிழமையே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மனம்விட்டுப் பேசாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும்.