திருப்பிக் கொடுத்த தண்ணீர்

— ஜன்னலைச் சாத்து பாப்பா. அந்தச் சத்தம் மண்டைக்குள்ள இடிக்குது.

— எதுக்குண்ணே சாத்தணும்? உன் மோட்டார்தானே. கூடப் பொறந்தவன் உழைக்கிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கு. பகலெல்லாம் ஓடுது, ராத்திரியெல்லாம் ஓடுது. இத்தனை வருஷத்துல நான் இவ்வளவு நல்லாத் தூங்கினதே இல்ல.

— குத்திக் காட்டாதே. குழி முழுக்கத் தண்ணி. பொக்லைன் கூண்டு மட்டும்தான் வெளியே தெரியுது. ஒரு கூடை சரளை அள்ள முடியல.

— குழின்னா தண்ணி வரத்தானே செய்யும். மழை பெஞ்சிருக்கும்.

— மழையா? வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. தண்ணி பக்கச் சுவர்லேர்ந்து வருது. உங்க தோப்பைப் பார்த்த சுவர்லேர்ந்து.

— அப்படியா மச்சான்?

— ஆமா மாப்ள. நீங்களே வந்து பாருங்க.

— காபி ஆறுது மச்சான். குடிங்க.

— இவர் ஒருத்தர். நான் சொல்றதைக் கேளு பாப்பா. ஆத்து ஆபீஸ்காரன் என் கழுத்துல கத்திய வெச்சான். சரளை கழுவ ஆத்துல எவ்வளவு தண்ணி எடுக்கிறியோ அவ்வளவையும் திருப்பிக் குடு, இல்லன்னா ஆலைய மூடுன்னான். கழுவின கலங்கல் தண்ணிய அப்படியே ஆத்துல ஊத்த முடியாது. அதனாலதான் குளம். வெள்ளக் காலத்துல உபரித் தண்ணிய அதுல விட்டு நிலத்துக்குள்ள இறக்கினா, அடியிலேயே ஊறிப் போய்க் கோடையில ஆத்துல சேரும்னு கணக்கு.

— கணக்கு சரியாத்தானே இருக்கு. வேற யாரும் நிலம் தரலன்னு வந்து நின்னே. எங்க தோப்பு நிலத்தைக் குடுத்தோம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினோமா?

— பேசல. அதை நான் மறக்கல. மாப்ளதான் கைத்தடிய ஊனிக்கிட்டு வந்து, பழைய கிணத்தை ஒட்டியே இடம் காட்டினார். "இங்க வெட்டுங்க மச்சான், மண்ணு நல்லா உறிஞ்சும், ஆத்துப் பக்கம்தான் சரியுது"ன்னார். தங்கமான மனுஷன்.

— உறிஞ்சுதா இல்லையா மச்சான்?

— உறிஞ்சுது, உறிஞ்சுது. விடற தண்ணி குளத்துல நிக்கவே மாட்டேங்குது. ஆனா ஆத்துக்குப் போகல. நேரா என் குழிக்கு வருது. குழியிலேர்ந்து இறைச்சா, அந்தத் தண்ணியையும் குளத்துலயே விடுங்கறான் ஆபீஸ்காரன். விட்டா மறுபடியும் குழிக்கு வருது. செக்குமாடு மாதிரி ஒரே தண்ணிய நான் சுத்திச் சுத்தி இறைச்சுக்கிட்டிருக்கேன். ஆத்துல நட்ட அளவுக் கம்பம் காஞ்சு போய் நிக்குது. கோடை முடியறதுக்குள்ள அதுல தண்ணி ஏறலன்னா ஆலைக்குப் பூட்டுதான்.

— அப்போ குளத்தை வேற இடத்துக்கு மாத்து.

— மாத்தணும்னா காரணம் எழுதிக் குடுக்கணும்.

— எழுது. என் தங்கச்சி தோப்புக்கும் என் குழிக்கும் அடியில வழி இருக்குன்னு எழுது. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அம்மா எவ்வளவு பெருமைப்படுவா.

— பாப்பா...

— ஏன் எழுத மாட்டே, நான் சொல்லட்டுமா? நீ குழி வெட்டின வருஷம் எங்க கிணறு வத்துச்சு. உன் வாசல்ல வந்து நின்னேன். "குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல களிமண் சுவர் மாதிரிக் கிடக்கு, ஒரு சொட்டுகூடத் தாண்டாது"ன்னே. ஆபீஸ்லயும் அதையே சத்தியம் பண்ணிச் சொன்னே. இன்னைக்கு வழி இருக்குன்னா, அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆகும். அப்புறம் நாங்க மட்டுமா வருவோம்? அந்தப் பக்கம் கிணறு வத்தின அத்தனை பேரும் உன் வாசலுக்கு வருவாங்க.

— தெரியுதில்ல? அதுக்காகத்தான் நானே வந்தேன். நீங்களா ஒரு மனு குடுத்துடுங்க. நிலம் எங்களுக்கு வேணும், குளத்தை எடுத்துடுங்கன்னு. நிலம் மாப்ள பேர்லதானே இருக்கு, அவர் கையெழுத்து போதும். நான் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்ல.

— அப்படியா.

— பேனாகூடக் கொண்டாந்திருக்கேன் மாப்ள.

— பேனாவை மூடி வை. கையெழுத்து வேணும்னா முதல்ல நீ ஒண்ணு சொல்லணும். என்கிட்ட இல்ல. அதோ உக்காந்திருக்காரே, அவர்கிட்ட.

— என்ன சொல்லணும்?

— தெரியாத மாதிரிக் கேக்கறே பாரு. கிணறு வத்தினதும் இவர் பதறிப் போய், ஆழப்படுத்தறேன்னு வெடி வெச்சார். தண்ணி வரல. நீ வந்து எட்டிப் பார்த்தே. "அடிப் பாறைய உடைச்சுட்டீங்களே மாப்ள, இருந்த தண்ணியும் ஓடிப் போச்சே"ன்னு உச்சுக் கொட்டினே. அன்னையிலேர்ந்து இந்த மனுஷன் தலை நிமிரல. எலுமிச்சை மரம் ஒவ்வொண்ணாக் காஞ்சுது. இவங்க அப்பா வெச்ச மரம். நான் பார்க்கக் கூடாதுன்னு விடியறதுக்கு முந்தியே போய் இவரே வெட்டினார். கோடாலிச் சத்தம் எனக்குக் கேக்காதா?

— பழசையெல்லாம் எதுக்கு இப்போ...

— இன்னும் முடியல. குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் நீ நாலு பேர் நடுவுல நின்னுக்கிட்டு, "வெடி மாப்ள வந்துட்டார், தீப்பெட்டிய ஒளிச்சு வைங்க"ம்பே. எல்லாரும் சிரிப்பாங்க. இவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது. ஒரு நாள் வீட்டுல இருந்த துணி நீலம் அத்தனையையும் எடுத்துட்டுப் போய், கிணத்து அடியில தேங்கிக் கிடந்த தண்ணியில கொட்டிட்டு வந்தார். கையெல்லாம் நீலம். ஏன்னு கேட்டா, கை கழுவக் கொல்லைப் பக்கம் போயிட்டார். அதுக்கப்புறம் சாயங்காலமானா எங்கேயோ போய் நின்னுட்டு வருவார். புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நான் தனியா உக்காந்து அழுதேன்.

— நீலம் விலை அப்போ கம்மிதான்.

— நீங்க சும்மா இருங்க.

— அது ஒரு கேலி பாப்பா. உறவுன்னா கேலி பேச மாட்டாங்களா?

— பேசுவாங்க. இப்போ அந்த மோட்டாரும் கேலிக்குத்தான் ஓடுது. போண்ணே, போய் இறைச்சுக்கிட்டே இரு. நீ எங்ககிட்டேர்ந்து எடுத்த தண்ணி. உன் கை ஓயற வரைக்கும், உன் ஆலை துருப்பிடிக்கிற வரைக்கும் இறை. நான் இந்த ஜன்னல்ல நாற்காலி போட்டு உக்காந்து பார்க்கறேன். என் வயிறு குளிரட்டும்.

— மாப்ள, நீங்களாவது இவகிட்டச் சொல்லுங்க.

— அவ என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கா மச்சான்.

— சரி. சொல்லித் தொலைக்கிறேன். கதவைச் சாத்து.

— கதவு திறந்தே இருக்கட்டும்.

— மாப்ள... உங்க வெடியால இல்ல. நீங்க வெடி வைக்கிறதுக்கு முந்தியே தண்ணி போயிடுச்சு. என் குழிச் சுவர்ல, குழாயைத் திறந்துவிட்ட மாதிரிக் கொட்டுச்சு. எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அந்த வருஷம் சரளை கழுவினதே அந்தத் தண்ணியிலதான். தெரிஞ்சேதான் பழிய உங்க மேல போட்டேன். போதுமா?

— போதாது. வழி இருக்குன்னு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல அங்கயே குளம் வெட்டினே?

— கழுவின சேறு முழுக்க அந்தச் சுவர் மேல கொட்டி அடைச்சேன். கசிவு நின்னு போச்சு. வழி மூடிக்கிச்சுன்னு நினைச்சேன். மாப்ளயும் ஆத்துப் பக்கம்தான் சரியுதுன்னார். நம்பிட்டேன்.

— கேட்டீங்களாங்க? நீங்க இல்ல. நீங்க எதையும் உடைக்கல. இத்தனை வருஷம்... அண்ணே, இன்னொரு தடவை சொல்லு. இவர் காதாரக் கேக்கட்டும்.

— வேண்டாம். எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீலம் மச்சான் குழியிலதான் வந்துச்சு. தினம் சாயங்காலம் வரப்புல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல ஒரு கோடு. அப்புறம் சுவர் பூரா.

— அந்தக் கறையா? அதை நான் டீசல் கசிவுன்னுல்ல நினைச்சேன்.

— அப்படியா.

— அப்போ, மாப்ள... குளத்துக்கு இடம்...

— நான்தானே காட்டினேன் மச்சான். நீங்களே இப்பச் சொன்னீங்க. சேறெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

— கையெழுத்து?

— பேனாவை மறக்காம எடுத்துட்டுப் போங்க.

— ஏங்க, உங்களைத்தான். இத்தனை வருஷத்துல என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே. உங்களுக்காக நான் எவ்வளவு அழுதிருக்கேன்.

— சொல்லியிருந்தா நீ அன்னைக்கே சண்டைக்குப் போயிருப்பே. சண்டை போட்ட வீட்டுக்கு வந்து, குளத்துக்கு இடம் காட்டுங்கன்னு மச்சான் கேட்டிருப்பாரா?