பட்டைக் கொட்டாய்க்கு ஒரு கொடி

முல்லை வேணாம்ண்ணே. அதத் திரும்ப வண்டியிலயே வெச்சிடுங்க. வாசனைதான், யாரு இல்லன்னா? வாசனையா இருக்கறதாலதான் வேணாங்கறேன். அந்தக் கொட்டாய் மேல முல்லைய ஏத்திவுட்டா யாரு பறிப்பா? அதுல குடியிருக்கறவதான் பறிப்பா. பூவம்மா. காலையில கதவத் தொறந்தா தலைக்கு மேல பூவு. பறிச்சி வெச்சிக்கினு, எம்பொண்ணத் தூக்கி மடியில போட்டுக்கினு, மகாராணியாட்டம் உக்காந்திருப்பா. நான் நட்டு நான் தண்ணி ஊத்தி, அவ தலைக்குப் பூவா?

இருங்க அந்தோணியண்ணே, மாட்ட அவுத்து நெழல்ல கட்டுங்க. வாணியம்பாடி மாதா கோயிலுக்கு கான்வென்ட் தோட்டத்து நாத்து போவுது, ஆம்பூர் வழியாத்தான் போவும்னு மதர் எழுதியிருந்தாங்க. அதான் நம்ம வீட்டாண்ட நிறுத்தச் சொன்னேன். கான்வென்ட்ல படிக்கறப்போ நீங்க வளத்த ரோஜாவக் கிள்ளிக்கினு ஓடி மதர்கிட்ட மொழங்கால் போட்டது ஞாபகம் இருக்கா? அந்தக் குட்டிக்கு இப்ப எட்டு மாசத்துல ஒரு பொண்ணு. பாத்தீங்களா.

இதான் கொட்டாய். டேனரியில தோல் பதம் போடற ஆவாரம் பட்டைய இதுலதான் போட்டு வெக்கறது. எங்க வீட்டுக்காரர் தோல் தரம் பிரிக்கறவராச்சே, மொதலாளி இஷ்தியாக் அகமது சாயபு இந்த வீட்டக் குடுத்தப்பவே இதுவும் கூட வந்துடுச்சி. பாதி பட்டை, பாதி பூவம்மா. தகரம் பூரா துரு. வர்ற ஞாயித்துக்கெழம மதர் வர்றாங்க, அவங்க கண்ணுல இது படக்கூடாது. சீக்கிரமா ஏறி, கதவு ஜன்னல் ஒண்ணும் தெரியாம அடச்சிக்கற கொடியா குடுங்க.

பீர்க்கையா? நாலு நாள்ல மொளைக்கும், சரி. அப்புறம் காய்க்குமே! பிஞ்சா பறிச்சி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வெச்சித் தின்னா பால் நல்லா ஊறும். அவளுக்கு இன்னும் ஜாஸ்தியா ஊறணுமா? சொரைக்கும் அதே கததான்.

அட, உங்களுக்குத் தெரியாதில்ல. எம்பொண்ணுக்குப் பால் குடுக்கறது அவதான். பொறந்த நாலாம் நாள் எனக்கு ஜுரம் வந்து இருபத்தஞ்சி நாள் நெனவில்லாம கெடந்தேன். எழுந்து பாத்தா எம்பால் வத்திப்போச்சி, பாப்பா அவ மார்ல தூங்குது. அவ இங்க வர்றப்ப, அவ கொழந்த செத்து ஒரு வாரம்தானாம். எங்க வீட்டுக்காரர்தான் போய்க் கூட்டியாந்தாரு. நல்லதுதான் பண்ணாரு. நான் பொழச்சி எழுந்திருக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி, அவ்ளோதான்.

ரங்கூன் மல்லியா? அந்தப் பேரையே எடுக்காதீங்க. அவ புருஷன் ரங்கூனுக்குப் போனவன், திரும்பி வரல. அதுக்குக் கீழ உக்காந்து அழுவா. அவ அழுதா பாப்பாவும் கூட அழும். நான் அழுதா? பொம்மையப் பாக்கறாப்ல பாக்கும். மனோரஞ்சிதம் வேணாம், பாம்பு வரும்பாங்க. சங்குப்பூ நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தச் சல்லி எலைய வெச்சி என்னாத்த மறைக்கறது? கதவு தெரியுமே.

பூக்காம, காய்க்காம, வாசனையில்லாம ஒரு கொடி கெடையாதாண்ணே? சிரிக்காதீங்க. நான் வெளையாட்டுக்குக் கேக்கல.

சரி, உங்ககிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும். மதர் வர்றதெல்லாம் சும்மா. எனக்குக் கதவுதான் தெரியக்கூடாது. இதோ பாருங்க, பாப்பாவ இடுப்புல வெச்சிக்கினு உங்களாண்ட பேசறேன், அது எந்தப் பக்கம் பாக்குது? நானும் திருப்பித் திருப்பி வெக்கறேன், கழுத்து வளஞ்சி அங்கதான் போவுது. சூரியகாந்தியாட்டம். போன வாரம் மொதமொதல்ல ம்மான்னு சொல்லுச்சிண்ணே. எட்டு மாசமா அந்த ஒரு சத்தத்துக்குக் காத்துக்கினு இருந்தேன். கொட்டாயப் பாத்துச் சொல்லுச்சி. அவ கைத் தட்டிச் சிரிக்கறா.

பூட்டா? ஆமா, பூட்டித்தான் கெடக்கு. நாய் பூந்துடுது.

இல்ல. நாயுமில்ல ஒண்ணுமில்ல. உள்ள யாருமில்லண்ணே. திங்கக்கெழமயே அனுப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் தோல் ஏலத்துக்கு மெட்ராஸ் போயிருக்காரு, அவருக்கு இன்னும் தெரியாது. இன்னிக்கி வியாழன் ஆவுது. பாப்பா அன்னிலேர்ந்து சரியாவே குடிக்கல. பசும்பால் வாங்கிப் பாலாடையில ஊத்தறேன், பாதிக்கு மேல துப்புது. தூக்கிப் பாருங்க, எப்பிடி லேசா ஆய்ட்டுது. அழுவறதுக்கும் தெம்பு கம்மியாப் போச்சி. கதவப் பாக்கும், முனகும். கதவு தெரியலன்னா மறந்துடும்னு நெனச்சேன். கொடி ஏர்றதுக்கு எத்தினி நாள் ஆவும்னுகூட யோசிக்கல பாருங்க.

நேத்து ஒண்ணு பண்ணேன். அவ மேல எப்பவும் ஆவாரம் பட்டை வாசனை அடிக்கும், அதுக்கு நடுவுலயே படுத்து எழுந்திருக்கறாளே. எம்மேல சோப்பு வாசனை. அதான் வித்தியாசம்னு, பட்டைய இடிச்சி, தண்ணியில கொழச்சி, கழுத்து மாரு எல்லாம் பூசிக்கினேன். பாப்பா வந்துச்சிண்ணே. பாஞ்சி வந்துச்சி. மூஞ்சிய வெச்சித் தேச்சி, என் ரவிக்கையப் புடிச்சி இழுத்து... அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும்னு இருந்துச்சி. அப்புறம் வாய வெச்சிது. தோலப் பதம் போடற பட்டையாச்சே, என்னா தொவப்பு! நாக்கு சுருங்கிப்போய், மூச்சு முட்டி, எம்மூஞ்சிய நிமிந்து பாத்துச்சி பாருங்க. ஏமாத்திட்டேன்னு தெரிஞ்சிபோச்சி அதுக்கு. இப்ப என் கை பட்டாலே ஒடம்ப வெறச்சிக்குது. டேனரிக்காரன் பொண்டாட்டி, அதுகூடத் தோணல எனக்கு.

எப்பிடிக் கெளம்பினாளா? நான் போன்னா அவ போவ மாட்டா. அதனால, என் வெள்ளி ஜெபமாலையக் காணோம்னு சொன்னேன். மதர் குடுத்தது, பூசைக்குப் போறப்ப வெச்சிருப்பனே, அதான். நீ எடுத்தியான்னு கேட்டேன். அவ முந்தானைய ஒதறிக் காட்டினா. பாப்பாவ எங்கையில குடுத்துட்டு, மூட்டையயும் அவுத்துக் காட்டிட்டு, நடந்து போய்ட்டா. ஜாக்கெட்டு ரெண்டு பக்கமும் பால் நனஞ்சிருந்துச்சி.

காணாமலாம் போவலண்ணே. இதோ, என் இடுப்புலதான் சொருகியிருக்கேன். திங்கக்கெழமயிலேர்ந்து ஒரு மணிகூட உருட்ட முடியல.

அவ அக்கா வீடு வாணியம்பாடியில ஆத்தோரமா, கோயிலுக்குப் பின்னாலதான். நீங்க இன்னிக்கி இருட்டறதுக்குள்ள போய்டுவீங்க இல்ல? உங்க வண்டி வருதுன்னு கேட்டதுலேர்ந்து இதச் சொல்லத்தான் நின்னுக்கினு இருந்தேன், செடி செடின்னு இவ்ளோ நேரம் பேசிட்டேன். அவகிட்ட ஜெபமாலை கெடச்சிடுச்சின்னு சொல்லாதீங்க. காணாமலே போவலன்னு சொல்லுங்க. அவளுக்கே தெரியும், ஆனாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. காலையில மொத ரயில்ல வரச் சொல்லுங்க. வர மாட்டேன்னா பாப்பா குடிக்கலன்னு மட்டும் சொல்லுங்க, அது போதும், ஓடி வருவா. அதுதான் எனக்கு எரியுது. வந்துடுவா பாருங்க.

அதுக்குள்ள எங்க மாட்டப் பூட்டறீங்க? நில்லுங்க. அந்த முல்லைய எறக்கிட்டுப் போங்க. கதவாண்ட வைங்க, அவளுக்குக் கை எட்டறாப்ல.

ரெண்டு நாத்து இருக்கா? இன்னொண்ண என் ஜன்னலாண்ட வைங்க. எனக்கும் தல இருக்குதில்ல.