வெள்ளைப் பூச்சுக்கு அடியில்

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் சுவர்களில்தான் தொங்குகிறது என்று என் கணவர் ஃபியாக்ரா டெவேன் மேடை ஏறும்போதெல்லாம் சொல்வார். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் குனிந்து, குளிருகிறது, கழுத்துத் துணி எங்கே என்று கேட்பார். எடுத்துக் கொடுப்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காட்சிக்கூடத்திலிருந்து நீங்கள் அனுப்பிய படிவத்தில் ‘படங்கள் உருவான முறை’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அவருக்கு இப்போது விரல்கள் நடுங்குகின்றன. ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. பக்கத்து அறையிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். நான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் முகங்கள் வரைகிறவள். இந்த டப்ளினில் நகரசபைப் பெரியவர்களின் மனைவிகளுக்கு இரட்டை மோவாயில் ஒன்றைக் குறைத்துக் கொடுப்பேன். நீதிபதிகளுக்குக் கொஞ்சம் அறிவைக் கூட்டிக் கொடுப்பேன். இரண்டுக்கும் ஒரே பழுப்பு நிறம் போதும். என் கணவர் மேற்குக் கரை மலைகளையும் மேகங்களையும் வரைந்தார். தன்னைப்போல இல்லையே என்று எந்த மேகமும் வந்து சண்டை போடுவதில்லை. எனவே அவர் மேதை ஆனார். பத்திரிகைக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் என் படங்களைத் தாண்டி வந்து, தேநீர் நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முயல்தோல் பசை தடவி, அது காய்ந்தபின் வெள்ளை பூசி, படம் வரையத் தோதாக்குவது எங்கள் தொழிலில் அடுக்களை வேலை. ஆன்மாவுக்குப் பசை நாற்றம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே அவருடைய துணிகளையும் பின்கட்டில் நானே தயார் செய்தேன். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நான் வருத்தப்படுகிற ரகம் இல்லை.

முப்பத்தொன்றாம் வருடம் ஓவியர் சபையின் காட்சியில் எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யும் மூவரில் என் கணவரும் ஒருவர். அவருடைய மலைகள் நான்கும் கண்மட்டத்தில் நின்றன. எட்டு மாதம் உழைத்து நான் வரைந்த நீதிபதியைக் கதவுக்கு மேலே, கூரையை ஒட்டி மாட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் விளக்கு பட்டு ஒரு பளபளப்பு தெரியும். அது நீதிபதியா அலமாரியா என்று சொல்ல முடியாது.

“கதவத் தாண்டாம யாரு உள்ள வருவா, நோரா? அத்தன பேரும் உன் படத்துக்குக் கீழதான போயாகணும்,” என்றார் என் கணவர்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதில்தானே.

அந்த செப்டம்பரில் மிக்கேல் திருநாளுக்கு வழக்கம்போல வாத்து வறுத்தோம். வடிகிற கொழுப்பை மார்ச்சளிக்குத் தேய்க்க ஜாடியில் எடுத்துவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மறுநாள் அவருடைய துணி ஒன்றில் பசை காய்ந்ததும், வெள்ளை பூசுவதற்கு முன், அந்தக் கொழுப்பை விரல்நுனியில் தொட்டு மெல்லியதாகத் தடவினேன். துடைத்துவிட்டுத் தடவினேன் என்றே சொல்லலாம். அவ்வளவு மெல்லிசு. அதன்மேல் ஏறும் வெள்ளையும் வண்ணமும் பத்துப் பன்னிரண்டு வருடம் நிற்கும். கீழே பிடிமானம் இல்லையென்று அவற்றுக்கே பிறகுதான் தெரியும்.

பதினோரு வருடத்தில் நூற்றுப் பதினான்கு படங்கள். சமையல்காரி பிரீட்டுக்கு மட்டும் கணக்கு உதைத்தது.

“இந்த வீட்டுல யாருக்கும்மா இம்புட்டுச் சளி? போன வாரந்தான் ஜாடிய ரொப்பி வெச்சேன்.”

“ஐயாவுக்குத்தான்,” என்றேன். அவள் அவருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திவிட்டாள். நல்ல பெண்.

நாற்பத்திரண்டில் ஒரு மந்திரி வீட்டு விருந்தில், கணப்புக்கு மேலே தொங்கிய மலையின் உச்சி கழன்று மந்திரியின் சூப்பில் விழுந்தது. மந்திரி அதைக் கரண்டியால் எடுத்து, ரொட்டித் துண்டென்று நினைத்துக் கடித்தும் பார்த்தார். அடுத்த மாதம் ஒரு வங்கியில் மேகம் போயிற்று. பிறகு ஒரு கன்னிமாடத்தில் ஏரி.

படங்களைப் பழுதுபார்க்கும் கில்சினன் பூதக்கண்ணாடியோடு வந்து ஒரு வாரம் பார்த்தார். ஈரம், கரிப்புகை என்று தொடங்கி, கடைசியில் வெள்ளை விற்ற ஹாலிகன் கிழவர்மேல் பழியைப் போட்டார். முப்பது வருடக் கடையைக் கிழவர் இரண்டே மாதத்தில் மூடினார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் ஒரு நல்ல மேஜைவிரிப்பு கொடுத்தேன். ஓரத்தில் பின்னல் வேலை எல்லாம் உண்டு.

என் கணவர் வரைவதை நிறுத்திவிட்டார். குறை தன்னிடம்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உதிர்ந்ததை முழங்காலிட்டுப் பொறுக்கி, பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டோடு துண்டைப் பொருத்திப் பார்ப்பார். பத்து வருடம் அதுதான் வேலை. நான் டப்பாக்களில் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்: ‘வானம், இடப்பக்கம்’, ‘வானம், மற்றவை’. சில நாள் அழுவார். காற்றில் ஈரம் அதிகம் என்று சொல்லித் தேற்றுவேன். எங்கள் வாழ்க்கையில் அவை அமைதியான வருடங்கள். யாரும் மேடைக்கு அழைக்கவில்லை.

இதை நான் கல்லறைக்கே கொண்டுபோயிருப்பேன். ஆனால் போன மாதம் உங்கள் ஆலோசகர், பேராசிரியர் க்வின்லன், வீட்டுக்கு வந்தார். ஓரத்தில் கையகல மேகம் மட்டும் ஒட்டியிருந்த ஒரு வெறுந்துணியின் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

“இது விபத்தே இல்ல, ஐயா. நம்ம நாடு உதிர்ந்து போறத நீங்க உதிர்ற மாதிரியே வரைஞ்சிருக்கீங்க. ஐரோப்பாவுல ஒருத்தனுக்குக்கூட இந்தத் துணிச்சல் வரல. தெரிஞ்சுதான செஞ்சீங்க?”

என் கணவர் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். மெதுவாக அதை மூடித் தரையில் வைத்தார். பத்து வருடமாகக் கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது.

“ஆமா. தெரிஞ்சுதான் செஞ்சேன். இத்தன வருஷமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

பிறகு என்னிடம் கழுத்துத் துணி கேட்டார்.

இப்போது நீங்கள் அந்தத் துணிகளை வாங்கி ஒரு தனிக்கூடத்தில் மாட்டப்போவதாகவும், அவர் பெயரைக் கல்லில் வெட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கண்மட்டத்தில்தான் மாட்டுவீர்கள், சந்தேகமில்லை. ஆகவே சொல்கிறேன். ஒவ்வொரு துணியிலும் கொழுப்பைத் தடவியவள் நான். எவ்வளவு மெல்லிசாகத் தடவினால் உடனே உதிராமல் நிற்கும் என்று பழைய துணிகளில் பூசிப் பார்த்து அறிந்தவளும் நான். அவர் செய்ததெல்லாம் நடுவில் கொஞ்சம் மலை வரைந்ததுதான். கல்லில் வெட்டவேண்டிய பெயர் ஒனோரா டெவேன்; நோரா என்பது வீட்டில் கூப்பிடுவது. எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். இது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். பிறர் செய்த வேலைக்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

என் படங்களுக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அதில், படத்தில் வேறு எவராவது வரைந்த பகுதி உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. கில்சினன் பூதக்கண்ணாடியோடு வருவார் என்பதால் அதற்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நான் கையெழுத்திட்ட அறுபத்து மூன்று படங்களிலும் கைகளை மட்டும் வரைந்தவர் என் கணவர். எனக்கு விரல்கள் வரைய வராது.