கோரைப்பாய் விரித்த குழி

தேநீரில் சர்க்கரை போதவில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் பாக்தாத்காரர். எங்கள் தெற்கே குவளையின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தால்தான் வந்தவனை மதித்ததாக அர்த்தம்.

என் பெயர் மத்லூல். போருக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் பழைய நகரம் புதைந்து கிடக்கும் எங்கள் ஊர் மேட்டைத் தோண்ட வந்தபோது நானும் கெய்தானும் அவர்களிடம் கூலிக்குப் போனோம். கெய்தான் என் சித்தப்பா மகன், என்னைவிடச் சின்னவன். அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதல் வாரமே அவன் கைக்கு ஒரு களிமண் பலகை அகப்பட்டது. உள்ளங்கை அகலம்தான். உடம்பெல்லாம் ஆணி குத்தினாற்போல எழுத்து. எனக்கு வந்ததெல்லாம் சட்டி ஓடு. பொருளைப் பையில் போட்டு, கண்டெடுத்தவன் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுவது அவர்கள் வழக்கம். பெட்டி பெட்டியாகப் பைகள், எல்லாவற்றிலும் கெய்தான், கெய்தான். சட்டி ஓட்டுக்குச் சீட்டு கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. மறைத்துப் பேசுவானேன்.

ஒருநாள் அவர்களில் படித்த அம்மாள் ஒருத்தி ஒரு பலகையை வாசித்துக் காட்டினாள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கூலிக் கணக்காம். அணை வேலைக்கு வந்தவர்கள் பெயர், ஆளுக்கு எவ்வளவு பார்லி என்று வரிசையாக இருந்தது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘செத்தான்’ என்றும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘ஓடிப்போனான்’ என்றும் குறித்திருந்தார்கள்.

“பாத்தியாண்ணே, அப்பவே மேஸ்திரி தொல்லை தாங்காம ஓடியிருக்கானுங்க. உன்ன மாதிரி ஒருத்தன் மேஸ்திரியா இருந்திருப்பான்” என்றான் கெய்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு போர் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போனார்கள், ஊரே மண்வெட்டியோடு மேட்டில் ஏறியது. நாங்களும் ஏறினோம். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் குழிக்குள் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் ரத்த உறவாக இருக்க வேண்டும், மேலே வருவதில் ஆளுக்குப் பாதி. ஆகவே பேராசையில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பாதி எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

பலகை வாங்க வரும் வியாபாரி காரை விட்டு இறங்கியதும், “கெய்தான் எங்கப்பா? நீ அவனோட கயித்துக்காரன்தானே?” என்பான். அந்தப் பெயரே எனக்கு நிலைத்துவிட்டது. என் வீட்டுக்காரி கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று காலை குழி மூன்று ஆள் ஆழத்துக்குப் போயிருந்தது. கீழிருந்து அவன் குரல் வந்தது.

“அண்ணே, ரூமுண்ணே. சுவரோரமா அடுக்கி வச்ச பலகையெல்லாம் அப்படியே சரிஞ்சு கெடக்கு. கால் வைக்க எடமில்ல.”

“நானும் எறங்கிப் பாக்கட்டுமாடா?”

“நீ எதுக்கு? உன் தொப்பை நடுவுல மாட்டிக்கும். நீ கயித்தப் பிடி. அது உனக்கு நல்லா வருது.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. நான் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

“அண்ணே, வெளையாடாத. ஹஸ்னா மீன் சுட்டு வச்சிருப்பா, ஆறிப்போயிடும்” என்று சிரித்தான். ஹஸ்னா அவன் மனைவி. நான் மண்வெட்டியை எடுத்தேன். முதல் சில வெட்டு மண் உள்ளே விழுந்தபோதும் சிரித்தான். பிறகு என் பெயரைச் சொன்னான், அப்புறம் என் அப்பா பெயரை. பாதிக் குழி நிரம்பியபோது சத்தம் இல்லை.

கயிற்றை ஒரு கல்லில் கட்டிக்கொண்டு இறங்கி, மண்ணைக் காலால் மிதித்துச் சமப்படுத்தி, கோரைப்பாயை விரித்தேன். அதன்மேல் அந்த வருஷத்து நாணயம் ஒன்றை வைத்தேன். அடுத்துத் தோண்ட வருகிறவனுக்கு நாம் எப்போது, எதுவரை போனோம் என்று தெரிய வேண்டும். வெளிநாட்டுக்காரர்களின் முறை அது. மீதி மண்ணையும் தள்ளி மூடினேன்.

குழி வாசலில் கிடந்த அவன் செருப்பை அங்கே விட்டுவர மனமில்லை. ஹஸ்னாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஓடிப்போயிட்டாம்மா. சரக்கோட பஸ்ராவுக்கு.”

அவள் செருப்பையே பார்த்தாள். “ஓடுறவரு செருப்ப விட்டுட்டா ஓடுவாரு, மச்சான்?”

“புதுசு வாங்கிக்குவான்” என்றேன். செத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள், அது எனக்குத் தெரியும். ஆனால் செத்தவனை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும். ஓடிப்போனவன் பெயரை வாயில் எடுக்காது. அவள் இன்றைக்கும் மீன் வாங்கினால் இரண்டாகத்தான் வாங்குகிறாளாம்.

நீங்கள் என்னைப் பிடித்த விதத்தில் எனக்கு வருத்தமில்லை. மேடு முழுக்கக் குழி வாயைப் பிளந்து கிடக்க, ஒன்று மட்டும் மூடியிருக்கிறது என்று உங்களோடு வந்த தொல்லியல்காரர் காட்டினார். தோண்டிப் பார்த்தால் பாய் வந்தது. திருடன் குழியை மூட மாட்டான், பாய் விரிக்கவே மாட்டான், வெளிநாட்டுக்காரர்களிடம் வேலை பார்த்தவன் கைதான் இது என்றார். நன்றாகச் சொன்னார். என் வேலையை ஒருவர் கவனித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆமாம், கெய்தானை உயிரோடு புதைத்தது நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஒன்றே ஒன்று, ஐயா. அந்த அறையை அடுத்த வாரம் திறக்கப்போவதாகச் சொன்னீர்கள். பலகைகளைப் பையில் போட்டுச் சீட்டுக் கட்டுவார்கள். அவன் சும்மா பார்த்தான், அவ்வளவுதான். கயிறு என் கையில் இருந்தது. சீட்டில் மத்லூல் என்று எழுதச் சொல்லுங்கள்.