ஒட்டுக்குக் கீழே

தகரம் பறக்கிறது. எந்த வீட்டுத் தகரமோ, தெரியவில்லை. எங்கள் ஊர் தேங்காய்த்திட்டில் மின்சாரம் போய் வெகு நேரம். கார்த்திகை மாதப் புயல். கடல் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது போல இரைச்சல். நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"உள்ள வா! மரம் சாயுது!" என் வீட்டுக்காரர் கத்துகிறார்.

முதலில் நறநறவென்று. பிறகு ஒரே மடார். எங்கள் மாமரம் பாதியில் முறிந்து, கொழுந்தன் சேகர் வீட்டு மதில் மேல் கிடந்தது.

கடையில் கிடைக்கிற ரகம் இல்லை அது. மாமனார் தோப்பு மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிக் கொண்டுவந்தது. பேர் கிடையாது. தாய் மரம் நின்ற இடம் இப்போது வீட்டு மனை. இது ஒன்றுதான் மிச்சம்.

விடிந்ததும் சேகர் மரம் அறுக்கிற ஆளைக் கூட்டி வந்தார். நின்ற பாதி மரமும் மதிலுக்கு ஆபத்தாம். தரையோடு அறுக்கச் சொன்னார். நான் அழுதேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். தெருவுக்கே தெரியும்.

"கவலப்படாதீங்க அண்ணி. வேர் இருக்குல்ல? அதே மரம் தழைச்சு வரும்."

அவர் நர்சரியில் வேலை செய்கிறவர். நான் ஆறாவதோடு நின்றவள். நம்பினேன். ரம்பம் கரகரத்தது. கிளைகளை வண்டி அள்ளிப் போனது. இலை வாடக்கூட இல்லை.

துளிர் வந்தது. வீரியமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளினேன். கொம்பு நட்டுக் கட்டினேன். ஆடு கடிக்குமோ, வேர் அழுகுமோ. போய்ப் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது சித்திரையில் காய்த்தது.

முதல் பழத்தை வீட்டுக்காரர் கடித்தார். துப்பினார். நார். புளிப்பு.

"இது நம்ம மரம் இல்லடி."

சேகரிடம் ஓடினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஒட்டுக்கு மேலே இருப்பதுதான் நம் ரகமாம். கீழே இருப்பது ஏதோ ஒரு புளிப்பு மாங்கொட்டை முளைத்தது. ஒட்டுக்குக் கீழே அறுத்தால் அதுதான் துளிர்க்குமாம்.

"அன்னிக்கே தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணி. நீங்க அழுதுட்டே இருந்தீங்க. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

அன்றைக்கு விழுந்த கிளையில் ஒரு குச்சி போதும். அவர் நர்சரியில் இல்லாத கன்றா? ஒன்றில் ஒட்டியிருந்தால் பிழைத்திருக்கும். பச்சையாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றார்.

புயலில் போனது ஒரு மரம். சமாதானப் பேச்சில் போனது அந்த ரகமே, பூண்டோடு. அதோடு எனக்கு இல்லாமல் போன ஆளும் ஒருவர். கொழுந்தன். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்.