‘கை வைக்காதீங்க!’ என்ற குரலுக்கு

“கை வைக்காதீங்க! யாரும் கை வைக்காதீங்க!”

இரண்டு கைகளையும் விரித்தபடி, சுவரிலிருந்த சுவிட்சுக்கும் மருத்துவமனை மேலாளருக்கும் குறுக்கே பாய்ந்து நின்றாள் எக்ஸ்ரே அக்கா. மேலாளரின் விரல் அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரில், கழுத்தின் இருபுறமும் மணல் பைகள் அணைகொடுக்க, அசையாமல் ஓர் அம்மா. மேசைமேல், இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத ஒரு கணினி.

சற்று முன்வரை அந்தக் கணினிக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்த குரலுக்கு உரியவரே!

தொலைவில் இருந்தே தொல்லை தீர்த்த தோழரே! முகம் காட்டாமலே முடிச்சவிழ்த்த மூத்தவரே! மவுசைப் பிடித்த கையால் மனிதரின் மானத்தையும் காத்த மாண்பாளரே! இன்று பணி நிறைவு காணும் எங்கள் கணினி உதவிப் பிரிவின் கலங்கரை விளக்கமே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

தலைமை அலுவலகத்தின் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அமர்ந்து, கிளை மருத்துவமனைகளின் கணினிகளையெல்லாம் கம்பி வழியாகவே கட்டி மேய்த்தீர்கள். எங்கள் திரைகள் உங்களுக்கு மனப்பாடம்; எங்கள் அறைகளை நீங்கள் பார்த்ததே இல்லை. ஆகவே, உங்கள் குரல் அறுந்துபோன அந்தப் பத்து நிமிடத்தில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை இன்று உங்கள் முன்னிலையில் வாசிக்கிறோம். பாராட்டு மடலில் இப்படி ஒரு கதையா என்று மேடையில் இருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் உங்கள் பண்புகள். “கம்ப்யூட்டர் எரியவே இல்ல சார்!” என்று நாங்கள் அலறிய நாளில், “பிளக் மாட்டியிருக்கா?” என்று நீங்கள் கேட்டதே இல்லை. கேட்டால் எவர்தான் இல்லை என்று ஒப்புக்கொள்வார்? “பிளக்கைக் கழற்றி, தூசியை ஊதிட்டு, மறுபடி மாட்டிப் பாருங்க” என்பீர்கள். ஊதப் போனவர்கள், பிளக் தரையில் கிடப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் மாட்டிவிட்டு, “ஆமா சார், ஒரே தூசி” என்று பெருமூச்சு விட்ட கதை கிளைக்குக் கிளை உண்டு. “ஏதோ எரர்” என்று நாங்கள் சுருக்கினால், “எழுத்துக் கூட்டியாவது முழுசா படிங்க, எனக்கு அவசரம் இல்ல” என்பீர்கள். என்ன கெட்டது என்று கேளாமல், நேற்றிலிருந்து என்ன மாறியது என்று கேட்டீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான வழக்கம் ஒன்று உண்டு. எட்ட இருக்கும் கணினியின் இணைப்பை மாற்றும் முன், திரும்பி வரும் வழியை முதலில் போட்டுக்கொள்வீர்கள். பத்து நிமிடத்துக்குள் நீங்களே தடுக்காவிட்டால், செய்த மாற்றம் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொள்ளும் தொழிலில், விழுந்தால் தாங்க வலை கட்டிவிட்டு வெட்டியவர் நீங்கள்.

அந்த வலை எங்களைத் தாங்கிய நாள் அது.

மலைப்பாதை முழுக்க மழை. உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்த அந்த அம்மாவைத் தூக்கிவந்தார்கள். விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். எடுத்த படத்தில், கழுத்தெலும்பில் மெல்லிய ஒரு கோடு. விரிசலா, வெறும் நிழலா? தலைமை மருத்துவமனையின் முதுகெலும்பு நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். விரிசல் என்றால் அந்த வளைவு நெளிவுச் சாலையில் ஆம்புலன்ஸில் ஏற்றுவதே ஆபத்து. கை கால் விளங்காமல் போய்விடலாம். நிழல் என்றால் காத்திருப்பதே வீண். செல்போனில் பிடித்து அனுப்பிய படத்தைப் பார்த்து, “ஒரே புகையா இருக்கு, ஒரிஜினலை அனுப்புங்க” என்றுவிட்டார் நிபுணர்.

ஒரிஜினல் போகவில்லை. அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தது.

எக்ஸ்ரே அக்கா உங்களை அழைத்தாள். கணினி வழியாகவே பேசும் வசதி அது. ஸ்பீக்கரில் உங்கள் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“சொல்லுங்கம்மா. முதல்ல பேஷண்ட் படத்தை மூடிடுங்க, அது நான் பாக்கற சமாச்சாரம் இல்ல. மூடியாச்சா? இப்ப மவுசை விட்டுட்டுக் கையைக் கட்டிக்குங்க. ரெண்டு பேரும் இழுத்தா அந்த அம்புக்குறி பாவம், யார் பேச்சைக் கேக்கும்?”

முனகிக்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சர் சட்டென்று அமைதியானது. அக்கா ஓடிப்போய்க் குனிந்தாள். அந்த அம்மாவின் கண்கள் அகலத் திறந்திருந்தன.

“யாரு பேசறது?” காற்றுக் குரலில் கேட்டார்.

“ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் சார்மா.”

“ம்.”

அந்த ‘ம்’மில் என்னவோ இருந்தது. யோசிக்க நேரமில்லை.

“இணைப்புல ஒரு மாத்தம் பண்ணப் போறேன்மா,” என்றது உங்கள் குரல். “லைன் அறுந்தாலும் அறுந்துடும், நானும் காணாமப் போயிடுவேன். பத்து நிமிஷத்துல தானா திரும்பும். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க, அணைச்சுடாதீங்க. அணைச்சா நான் போட்டு வச்சதும் சேர்ந்து போயிடும். பார்வையால மட்டும் தேடுங்க, ஏதாவது வித்தியாசமா…”

அறுந்தது.

அப்போதுதான் மேலாளரின் விரல் சுவிட்சை நோக்கிப் புறப்பட்டது. அப்போதுதான் அவள் குறுக்கே பாய்ந்தாள்.

“நகருக்கா! ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். எங்க வீட்ல டிவி, ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார் எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான்.”

“மோட்டார் எக்ஸ்ரே அனுப்பாது சார்.”

“கிண்டலா? ஹெட் ஆபீஸுக்கு போன் போட்டேன், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’னு பாட்டு பாடுது. அவரு அங்க உக்காந்துக்கிட்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. இங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அவரா, நீயா?”

நியாயமான கேள்வி. முகம்கூடத் தெரியாத ஒருவர். சொன்னது பாதி வாக்கியம். அதை நம்பி, ஒரு மனுஷியின் கை கால்களைப் பணயம் வைத்துக்கொண்டு நிற்கிறோமே! அக்காவின் விரித்த கைகள் தாமாகவே தாழத் தொடங்கின.

“இருக்கட்டும் கண்ணு.” ஸ்ட்ரெச்சரிலிருந்து வந்தது குரல். “அவரு பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம்தான்.”

“உங்களுக்கென்னம்மா தெரியும்?” என்றார் மேலாளர்.

“கழுத்து என்னுது. நானே காத்திருக்கேன், உங்களுக்கு என்ன பறக்குது? அந்த ஸ்டூல்ல உக்காருங்க தம்பி.”

உட்கார்ந்தார். அடுத்த நொடியே எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அதன்பின் கதவைத் திறந்த வார்டு ஊழியரைப் பார்த்து, “யாரும் கை வைக்கக் கூடாது!” என்று அவரே சீறினார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். பார்வையால் தேடு என்றீர்களே, தேடினாள். திரையின் மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை. வலது மூலையில் வந்து கண் குத்திட்டு நின்றது. தேதி. இன்றைய தேதி அல்ல. பல வருடம் பழைய ஒரு தேதி. காலையில் மின்சாரம் போய் வந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. “அம்மா, இருக்கீங்க…”

“சார், தேதி! தேதி தப்பா இருக்கு சார்!”

எந்த மேலதிகாரியிடமும் நாங்கள் கேட்டிராத வெடிச்சிரிப்பு. “அடடா! நான் கதவைப் போட்டு இடிச்சுக்கிட்டு இருக்கேன், கோளாறு கடிகாரத்துலயா? தேதி ஒத்துப்போகலைன்னா எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் நம்மளை நம்பாதும்மா, பூட்டிக்கும். நீங்க புடிச்சுட்டீங்க, நான் கோட்டை விட்டேன்!”

தேதி சரியானது. படம் பறந்தது. நிபுணரின் பதிலும் பறந்து வந்தது: விரிசல்தான், அசைக்க வேண்டாம், கழுத்தை இறுக்கிக் கட்டிவையுங்கள், நானே புறப்பட்டு வருகிறேன்.

“படம் போச்சா? நல்லது. கரண்ட் போனாலும் தேதியைக் காப்பாத்தறதுக்கு உள்ள ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், அது செத்துடுச்சு, மாத்தச் சொல்லுங்க,” என்று விடைபெற்றீர்கள். யாருடைய படம் என்று நீங்கள் கேட்கவில்லை. எவருடைய படத்தையும் நீங்கள் கேட்டதில்லை.

அப்போது அந்த அம்மா ஒற்றை விரலை அசைத்து அக்காவைக் கூப்பிட்டார். ஆம், விரல் அசைந்தது! அக்கா காதைக் கொடுத்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“என்னக்கா, என்ன சொல்றாங்க?” என்று துடித்தார் மேலாளர்.

“ஒண்ணுமில்ல சார். பொம்பளைங்க விஷயம்.”

அந்த அம்மா பின்னர் தம் சொந்தக் காலால் நடந்து எங்கள் வாசலைக் கடந்தார். நடந்தே இன்று இந்த விழாவுக்கும் வந்திருக்கிறார்.

பெருமைக்குரியவரே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் பதற்றத்தைப் பொறுமையால் பொடியாக்கினீர்கள். எங்கள் பிழைகளைத் தூசியென ஊதித் தள்ளினீர்கள். உங்கள் பிழையை மட்டும் உரக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். இனி உங்கள் உறக்கத்தை எந்த அழைப்பும் உடைக்காதிருக்கட்டும்! உடல் உரமும் உள்ளக் களிப்பும் குன்றாமல், துணைவியாரோடும் மக்களோடும் நீடு வாழ்க! தேநீர் ஆறும் முன் குடிக்கும் பேறு இன்றுமுதல் உங்களுக்கு வாய்க்கட்டும்!

காதில் சொன்ன அந்த ரகசியத்தை, சொன்னவரின் அனுமதியோடு, சொன்னபடியே இங்கே வைக்கிறோம்:

“வீட்ல இவரைப் பொட்டி தட்டறவருன்னு நாந்தான் கேலி பண்றேன் கண்ணு. நான் இவரை நம்பிப் படுத்துக் கிடந்தேன்னு இவர் காதுக்குப் போச்சுன்னா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேலி பண்றது? ரிட்டயர் ஆகட்டும், அப்ப சொல்லிக்கலாம்.”

கழுத்துப் பட்டையோடு வீடு திரும்பி, உறவினர் வீட்டில் தலையணை சரியில்லாமல் கழுத்து பிடித்துக்கொண்டது என்று அவர் உங்களிடம் சொன்னதும், அதை நம்பி நீங்கள் புதுத் தலையணை வாங்கி வந்ததும் எங்கள் செவிக்கு எட்டின.

நன்றியில் தலை தாழ்த்தும்,
கிளை மருத்துவமனைகளின் பணியாளர்கள்,
எக்ஸ்ரே அக்கா,
மேலாளர்,
முன்வரிசையில் முதல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்த நோயாளியாகிய
உங்கள் மாமியார்.