இன்ஜின் கயிறு

— கயித்தைப் பாதியில விட்டுடறே அக்கா! கடைசி வரைக்கும் இழுக்கணும். எங்கே, மறுபடி.

— இழுத்துட்டுத்தான் இருக்கேன் யோகேந்திரா. உன் மிஷினுக்கு என்னைப் புடிக்கலே.

— புல்லு வெட்டுற இன்ஜினுக்கு ஆளைப் புடிக்கிறது என்ன, புடிக்காதது என்ன? அச்சா, கேளு. முதல்ல பெட்ரோலைத் திற. அப்புறம் சோக். அப்புறம் கயிறு. இன்ஜின் நல்லா ஓட ஆரம்பிச்சப்புறம்தான் ஸ்விட்சு. முன்னாடியே போட்டா ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இறுக்கிப் புடிச்சுக்கும், இன்ஜின் திணறி நின்னுடும். புரிஞ்சுதா?

— ஆல்டர்னேட்டர்ங்கிறது உன் டாக்ஸியிலேருந்து கழட்டினியே, அந்த உருண்டையா?

— அதேதான். அதைக் கழட்டிட்டுத்தான் டாக்ஸியை வித்தேன். இது சுத்தினா பேட்டரி ஏறும். பேட்டரி ஏறினா ராத்திரிக்கு உனக்கு ஒரு பல்பு எரியும், ரேடியோ பாடும்.

— டாக்ஸி இருந்தா நவுசோரி மார்க்கெட்டுக்குப் போயிட்டு வருவேன். அதுக்குப் பதிலா ஒரு பல்பு. நல்ல வியாபாரம் பண்ணினே போ.

— அரே, வெளையாடாதே அக்கா. அங்கே பார்லிமெண்டுக்குள்ள துப்பாக்கியோட புகுந்தவனுங்க இன்னும் மந்திரிங்களை அடைச்சு வச்சிருக்கானுங்க. இங்கே கரண்ட் எடுக்கிற டேமையும் அவங்க ஆளுங்க புடிச்சுக்கிட்டாங்க. கரண்ட் எப்ப வரும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. வீடு இருட்டா இருந்தா ஆள் இல்லேன்னு நெனச்சுப்பாங்க. நரேந்திரா வீட்டைப் பார்த்தேல்ல? பயந்து குடும்பத்தோட அகதி கேம்ப்புக்குப் போனான், மறுநாளே கூரைத் தகரத்தைக்கூடக் கழட்டிட்டுப் போயிட்டாங்க.

— இழுக்கிறதுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கத்து செருவைக் கூப்பிட்டுக்கிறேன். காலையிலகூட மரவள்ளிக் கிழங்கு கொண்டாந்து குடுத்தான்.

— செருவே பொழுது சாஞ்சா வெளிய வரமாட்டேங்கிறான். இந்தியக்காரிக்குக் கிழங்கு குடுத்தான்னு அவன் கோரோவுல, சொந்த ஊர்க்காரங்களே அவனை மிரட்டியிருக்காங்க.

— அப்படியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, பாவி.

— அதான் சொல்றேன், நீதான் இழுக்கணும். இழு... ம்ஹூம். கையில பலமே இல்லையா அக்கா?

— அறுபது தாண்டின கைடா. சிட்னிக்குப் போனதும் புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பு.

— காலையில நாந்தி ஏர்போர்ட்டுக்கு வேன் வந்து நிக்கும். அங்கே ஷைனலும் அவங்கம்மாவும் பொட்டி கட்டிட்டு இருக்காங்க. உனக்குக் கிண்டலா இருக்கு.

— உன் பொண்ணு மத்தியானம் வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. ஹிந்தியில என்னென்னமோ சொன்னா, நானும் ஹிந்தியிலயே ரெண்டு வார்த்தை சொன்னேன். நாளையிலேர்ந்து தமிழ்ல திட்டணும்னா எனக்கு ஆள் கிடையாது.

— விசா ஆபீஸுல உன்னையும் சேர்த்துத்தான் கேட்டேன் அக்கா, சத்தியமா. பெண்டாட்டி பிள்ளைதான் குடும்பம், அக்கா எல்லாம் கணக்குல வராதுன்னுட்டாங்க.

— தெரியும். அவங்க அப்படிச் சொன்னாங்க, நீ போய் டிக்கெட் எடுத்தே.

— வேற என்ன பண்ணச் சொல்றே? பஸ்ஸுல வந்த ஷைனல் மேல கல்லெறிஞ்சானுங்க. நெத்தியில தையல் இன்னும் பிரிக்கலே.

— நான் உன்னை ஒண்ணும் சொல்லலேடா. இரு, இன்னொரு வாட்டி இழுக்கிறேன்... பாரு, வரலே.

— தோளை வச்சு இழு!

— தோள் நோவுது.

— அப்ப பேட்டரி இறங்கிட்டா? சுத்தமா இறங்கவிட்டா அப்புறம் ஆல்டர்னேட்டரும் வேலை செய்யாது. அது ஆரம்பிக்கவே கொஞ்சம் கரண்ட் வேணும். இருட்டுல ஒத்தையா உட்கார்ந்திருப்பியா?

— உட்கார்ந்திருப்பேன். அவர் செத்ததிலேர்ந்து ஒத்தையாத்தானே இருக்கேன். கூப்பிட்டா நீ வருவே, அவ்வளவுதான்.

— யாராவது கதவை ஒடைச்சா?

— கத்துவேன்.

— யாருக்குக் கேக்கும்? இந்த ரோட்டுல ஒரு வீட்டுலகூட ஆள் இல்லே அக்கா!

— அழாதே. கை பூரா கிரீஸ், அதை மூஞ்சில தேய்க்காதே.

— என்னால முடியாது. ஒரு கயித்தை இழுக்க முடியலே உன்னால, உன்னை எப்படி விட்டுட்டுப் போறது? அவங்க ரெண்டு பேரும் போகட்டும். நான் போகலே.

— என்ன சொன்னே?

— போகலேன்னேன். இங்கேயே உன்கூட இருக்கேன்.

— சரி. கொஞ்சம் தள்ளி நில்லு.

— விடு அக்கா, தோள் நோவுதுன்னு சொன்னியே... ஏ! ஓடுதே! ஒரே இழுப்புல ஓடுது!

— ஸ்விட்சும் போட்டாச்சு. பல்பு எரியுதா, பாரு.

— எரியுது. அப்ப இவ்வளவு நேரம் வேணும்னேதான் பாதியில விட்டியா? ஏன்க்கா?

— போகலேன்னு நீ சொல்லி ஒரு வாட்டி கேக்கணும்னு இருந்துச்சுடா. கேட்டாச்சு. இதை எப்படி நிறுத்துறதுன்னு காட்டிட்டுக் கிளம்பு.